2000 ரூபாய்க்குள் கிறிஸ்துமஸ் பரிசுகள்: கையால் என்னென்ன செய்யலாம்?

சாரல் | நவம்பர் 8, காலை 10.40

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் எங்கள் வீட்டு வருமானம் பாதியாகிவிட்டது. புதுத்துணியும் கேக்கும் எப்படியோ சமாளித்துவிடுவோம். பரிசுகளுக்கென்று ஒதுக்க முடிந்தது 2000 ரூபாய்தான். மாமியார், மாமனார், இரண்டு நாத்தனார் குடும்பங்கள், அவர்கள் பிள்ளைகள் ஐந்து பேர், பக்கத்து வீடுகள் நான்கு, வேலைக்கு வரும் அக்கா, பாடகர் குழுவில் சீட்டுக் குலுக்கி எனக்கு வந்த கிறிஸ் சைல்ட் (நான் ரகசியமாகப் பரிசு கொடுக்க வேண்டியவர்). இத்தனை பேருக்கும் இதற்குள் முடிக்க வேண்டும்.

ஃபேன்சி ஸ்டோரில் மலிவாக ஒரு பொம்மையை வாங்கி எல்லாருக்கும் நீட்ட மனம் வரவில்லை. வாங்கியவர் அதை ஷோகேஸில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். என்னிடம் தையல் மெஷின் இருக்கிறது, நேர்த்தையல் நன்றாக வரும். பிள்ளைகள் இரண்டு பேரும் கூட உட்காருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தீபாவளிக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தவர்கள், அந்தத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாது. நாங்கள் இருப்பது சென்னைக்குப் பக்கத்தில், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். யோசனை சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை | நவம்பர் 8, பகல் 12.05

தங்கச்சி, யோசனைக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. கையால் செய்தால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கைவினை என்று கிளம்பி பசைத் துப்பாக்கி, சாட்டின் ரிப்பன், ஜிகினாத் தூள், மூடி போட்ட குட்டிக் கண்ணாடிக் குப்பிகள் என்று வாங்க ஆரம்பித்தால், கடையில் பரிசே வாங்கியிருக்கலாம் என்ற கணக்கில்தான் போய் நிற்கும். என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டுச் சாமான் வாங்கப் போகாதீர்கள். பரணையும் பீரோவையும் திறந்து, இருக்கிற சாமானைத் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பழைய பட்டுச்சேலை, ஹார்லிக்ஸ் பாட்டில், கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் டப்பா, பழைய காலண்டர் அட்டை எல்லாம் வெளியே வரட்டும். என்ன செய்யலாம் என்பது அதிலிருந்தே தெரியும்.

இன்னொன்று. வேலைக்கு வரும் அக்காவுக்குக் கைவேலைப் பொருள் கொடுக்காதீர்கள். அவருக்கும் பண்டிகைச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் உண்டு. அந்த 2000 ரூபாயில் முதல் 500-ஐ எடுத்து ஒரு கவரில் போட்டு அவர் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். மிச்சம் 1500-ல்தான் உங்கள் கைத்திறமை.


மரியாளின்மகள் | நவம்பர் 8, பகல் 1.30

அண்ணன் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பணக் கவரைத் தனியாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்து வீடுகளுக்கு என்ன பலகாரத் தட்டு போகிறதோ, அதே தட்டு அதே அளவில் அவருக்கும் போகட்டும். உடைந்த முறுக்கையும் அடியில் கிடக்கும் தூளையும் வேலைக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல நாளில் அது வேண்டாம்.


தையற்கூடம் | நவம்பர் 8, மாலை 4.15

நேர்த்தையல் வரும் என்றீர்களே, அது போதும். பெரியவர்களுக்குப் பைபிள் உறை தைத்துக் கொடுங்கள். நம் வீடுகளில் அதைவிட உபயோகமான பரிசு கிடையாது. பெரும்பாலான பைபிள்களின் ஓரம் மடிந்து, முதுகு கிழிந்து, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கோயிலுக்கு வருகிறது.

அளவெடுப்பதில்தான் சூட்சுமம். பைபிளை விரித்து வைத்து அளந்தால் உறை போட்ட பிறகு மூட முடியாமல் இழுக்கும். மூடிய நிலையில், முன் அட்டையின் விளிம்பில் டேப்பை வைத்து, முதுகைச் சுற்றி, பின் அட்டையின் விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த நீளத்தோடு இரண்டு பக்கமும் உள்ளே மடியும் காதுகளுக்கு மும்மூன்று அங்குலம், தையலுக்கு ஒரு அங்குலம். உயரத்தோடு ஒண்ணேகால் அங்குலம் சேர்த்தால் போதும்.

மேல் துணிக்குப் பழைய பட்டுச்சேலையின் முந்தானை. சேலை உடலில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருக்கும், முந்தானையும் பார்டரும்தான் பெரும்பாலும் தெம்பாக இருக்கும். உள் துணிக்குப் பழைய வேஷ்டி. இரண்டுக்கும் நடுவே காலர் தைக்கப் போடும் கேன்வாஸ். அதைத் தையல் சாமான் கடையில் மீட்டராகவே கொடுப்பார்கள், உங்களுக்கு ஒரு மீட்டர் தாராளம். நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்துச் சுற்றித் தைத்து, காது மடியும் இடத்தின் கீழோரத்தில் நாலு விரல் அகலம் விட்டு, அதன் வழியாகப் புரட்டி எடுத்து இஸ்திரி போடுங்கள். பிறகு காதுகளை உள்ளே மடித்து மேலும் கீழும் ஒரு தையல். அந்தத் தையலிலேயே விட்ட இடமும் மூடிக்கொள்ளும். பக்கம் அடையாளம் வைக்க, ஜரிகை பார்டரிலிருந்து விரல்கடை அகலத்துக்கு ஒரு துண்டை மடித்துத் தைத்து மேல் ஓரத்தில் சொருகிவிடுங்கள்.

மிஞ்சும் துண்டுகளில் நாத்தனார்களுக்குச் சுருக்குப் பை. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் துண்டை இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்து, வாயோரம் கயிறு போக ஒரு அங்குலக் குழாய் விடுங்கள். ஒரு கயிற்றை இடமிருந்தும் இன்னொன்றை வலமிருந்தும் கோத்தால் இரண்டு பக்கமும் இழுத்து மூடலாம். ஒரே கயிறு போட்டால் ஒரு பக்கமாகவே சாயும்.


சாரல் | நவம்பர் 8, இரவு 9.20

அக்கா, இதற்குத்தான் இங்கே கேட்டேன். என் கல்யாணத்துக்கு அம்மா கட்டியிருந்த பட்டு ஒன்று கிழிந்து கிடக்கிறது. வெட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “தாராளமா வெட்டு மக்களே, பெட்டியில கிடந்து பூச்சி அரிக்கத்தானே போகுது” என்றார்கள்.

அடுத்த கேள்வி சோப். அம்மா வீட்டுத் தோப்பிலிருந்து ஆட்டின தேங்காய் எண்ணெய் வருகிறது. வீட்டில் சோப் செய்யலாமா?


வேதியியல்வாத்தியார் | நவம்பர் 9, காலை 6.50

செய்யலாம். ஆனால் இதில் கண்ணளவு, கையளவு எடுபடாது. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

500 கிராம் தேங்காய் எண்ணெய், 73 கிராம் காஸ்டிக் சோடா, 190 மில்லி தண்ணீர். 500 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் வேண்டுமென்றே ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறோம். வெறும் தேங்காய் எண்ணெய் சோப் அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் தோலை வறள வைக்கும். மாறாமல் மிஞ்சுகிற எண்ணெய் அந்த வறட்சியைக் குறைக்கும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் வாளி நல்லது. கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள், வினிகர் தேடி ஓட வேண்டாம். இந்த ஒரு வேலையில் மட்டும் பிள்ளைகள் கூட உட்காரக் கூடாது.

கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாக வந்ததும் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் மேலே கோடு விழும் பதத்தில் அச்சில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் சோப் சீக்கிரம் இறுகிவிடும். காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் வெட்டிவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் கத்தி வைக்கும்போது நொறுங்கும். வெட்டிய கட்டிகளைக் காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 4 வாரம் உலரவிடுங்கள். அப்படியென்றால் நவம்பர் 23-க்குள் ஊற்றினால்தான் இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தேறும்.


கணக்குப்பிள்ளை | நவம்பர் 9, காலை 8.15

வாத்தியார் ஐயா சொல்வதில் குறையில்லை. ஆனால் தராசு வாங்கி, கண்ணாடி வாங்கி, இன்றைய விலைக்கு எண்ணெயும் வாங்கினால், ஏழெட்டுக் கட்டிக்கு இந்தச் செலவு கட்டுமா?


வேதியியல்வாத்தியார் | நவம்பர் 9, காலை 8.40

எண்ணெயைக் கடையில் வாங்கிச் செய்வதானால் கட்டாது, ஒத்துக்கொள்கிறேன். தோப்பு எண்ணெய் வீட்டுக்கு வருகிறது என்பதால்தான் சொன்னேன். தராசை யாரிடமாவது இரவல் வாங்கட்டும். கேக் போடுகிற வீட்டில் கட்டாயம் இருக்கும்.


ஓலைப்பெட்டி | நவம்பர் 10, மாலை 5.00

எங்க பக்கம் தூத்துக்குடி மாவட்டம். மணப்பாட்டில் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சாயம் போட்ட ஓலையும் வெள்ளோலையும் கலந்து, மூடி கச்சிதமாக உட்காரும்படி முடைவார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பழவேற்காடு கிட்டம், அங்கேயும் பெண்கள் ஓலைப் பொருள் செய்கிறார்கள். பலகாரத்தை பிளாஸ்டிக் டப்பாவில் கொடுப்பதற்குப் பதில், உள்ளங்கை அளவு ஓலைப்பெட்டியில் வாழையிலைத் துண்டு விரித்து வைத்துக் கொடுங்கள். பலகாரம் தீர்ந்த பிறகும் அந்த வீட்டில் பெட்டி இருக்கும், வளையல் போடவோ பொட்டுச்சாமான் போடவோ ஆகும்.

பெட்டியை நீங்களே முடைய வேண்டாம், அது பழகிய கைக்கே நேரம் பிடிக்கிற வேலை. முடைகிற பெண்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல். ஆனால் குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஓலை நட்சத்திரம் மடிப்பது பெரிய காரியமில்லை. குருத்தோலையை நிழலில் வாடவிட்டு, மடிக்கும் முன் ஈரத்துணியால் துடைத்தால் ஒடியாது. பெட்டி மேலே அதைக் கட்டினால் ரிப்பன் தேவையில்லை.


கல்கல்_பாட்டி | நவம்பர் 11, காலை 11.10

கல்கல் இல்லாத கிறிஸ்துமஸ் உண்டா? அரைக் கிலோ மைதா, 150 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கரண்டி சூடான நெய். ஒரு முட்டை, மிச்சத்துக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பூரி மாவை விடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைக்கணும். கோலிக்குண்டு அளவு உருட்டி, எண்ணெய் தடவின முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். புதுச் சீப்பிலேயும் சுருட்டலாம். எங்க காலத்துல சீப்புதான்.

நடுத்தீயில் பொரிக்கணும். தீ கூடினால் வெளியே சிவந்துவிடும், உள்ளே மாவு வேகாது. பொரித்ததை முழுசாக ஆறவிட்டு டப்பாவில் போடணும். சூட்டோடு மூடினால் ஆவி அடித்து நமுத்துப்போகும். தேங்காய்ப்பால் சேர்ந்ததால் ரொம்ப நாள் வைத்தால் சிக்கு வாடை வரும். டிசம்பர் 18-க்கு மேல் சுட்டால் போதும்.

பதினைந்து வயசுப் பையனுக்குத் துணிப் பை கொடுத்தால் முகம் தொங்கிவிடும். அவனுக்கென்று தனியாக ஒரு டப்பா நிறையக் கல்கல் போட்டு, மூடியில் அவன் பேரை எழுதிக் கொடுத்துப் பாரும்மா. யாருக்கும் பங்கு கிடையாதுன்னு சொல்லிக் கொடுக்கணும்.


சாரல் | நவம்பர் 11, இரவு 8.30

பாட்டி, பக்கத்து வீடுகளில் ஒரு வீட்டில் அய்யப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் முட்டையே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு என்ன செய்ய?


கல்கல்_பாட்டி | நவம்பர் 12, காலை 9.45

நல்லவேளை கேட்டே. முட்டை இல்லாமலே வரும். அந்த ஈரத்துக்குத் தேங்காய்ப்பாலைக் கூட்டி, நெய் ஒரு கரண்டி அதிகம் விடு. கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஈட்டை முதலில் புது எண்ணெயில் பொரித்து எடுத்து வைத்துவிட்டுப் பிறகு முட்டை போட்ட மாவுக்குப் போ. கொடுக்கும்போது “முட்டை சேர்க்கலை, புது எண்ணெய்” என்று வாயால் சொல்லிக் கொடு. விரதம் இருக்கிறவங்க கேட்கச் சங்கடப்படுவாங்க, கேட்காமலே ஓரமா வைச்சிருவாங்க. நாமே சொல்லிட்டா நிம்மதியா சாப்பிடுவாங்க. மாலை போட்ட சாமிக்கு அன்றைக்கே பழமும் ஒரு சீப்பு சேர்த்து வை.


மரியாளின்மகள் | நவம்பர் 14, மாலை 6.20

பிள்ளைகள் வேலைக்கு நட்சத்திரம் பற்றி எழுதுகிறேன். கடையில் வாங்கும் அட்டை நட்சத்திரம் மடித்து வைத்தால் அடுத்த வருஷம் கிழிந்துதான் வெளியே வரும். மூங்கிலைப் பிளந்த பிளாச்சில் கட்டினால் தாளை மட்டும் மாற்றிக்கொண்டே பல வருஷம் ஓட்டலாம்.

ஒரே நீளத்தில் பத்துப் பிளாச்சு. ஐந்தை வைத்து, கோலம் போடுவதுபோல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஓடும் ஐந்துமுனை நட்சத்திரம். முனைகளை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில், இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே நாலு விரல் நீளக் குச்சியைச் செருகி நிறுத்துங்கள். தட்டையாக இருந்தது சட்டென்று வயிறு உப்பி நிற்கும். பிள்ளைகளுக்கு அந்த நிமிஷம் அவ்வளவு பிடிக்கும்.

மேலே பட்டம் ஒட்டுகிற தாள், மைதாப் பசை. பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் அது வேண்டாம். உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கு மட்டும். குண்டு பல்ப் போட்டால் தாள் கருகும். நாத்தனார் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் குடும்பத்துக்கே சேர்ந்த பரிசாகிவிடும்.

கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற வீடுகளுக்கு இன்னொன்று. தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு, டிசம்பர் 14 வாக்கில் கேழ்வரகை நெருக்கமாகத் தூவித் தண்ணீர் தெளித்து வாருங்கள். குடில் கட்டும் நேரத்துக்குப் பச்சைப்பசேல் என்று புல் தயாராக இருக்கும். செலவு ஒரு கைப்பிடி கேழ்வரகு.


ஓலைப்பெட்டி | நவம்பர் 15, காலை 7.30

சிரட்டை யோசனை அருமை. கோணலாக உருளாமல் இருக்க அடியில் தும்புக் கயிற்றை வளையமாகச் சுற்றி வையுங்கள்.


கணக்குப்பிள்ளை | டிசம்பர் 5, காலை 9.00

தங்கச்சி, கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது. சந்தையில் மிஞ்சின அகல் விளக்குகளை இப்போது பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். மெழுகு விளக்கு செய்கிற எண்ணம் இருந்தால் இதுதான் சமயம். மெழுகைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டால் தருவார்.


வேதியியல்வாத்தியார் | டிசம்பர் 5, காலை 9.50

அண்ணாச்சி சொன்னதோடு சில குறிப்புகள். வெள்ளையைத் தனியாக, கலரைத் தனியாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால் சேற்று நிறம்தான் வரும். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். பாரஃபின் 60 டிகிரிக்குள்ளேயே பெரும்பாலும் உருகிவிடும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். உருகியதைப் பழைய துணியில் வடிகட்டினால் கரித்திரி எல்லாம் நின்றுவிடும்.

பெயின்ட் அடிக்காத மண் அகல் மெழுகை உறிஞ்சும், அடியில் கசியும். உள்பக்கம் மட்டும் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். திரியை முதலில் மெழுகில் முக்கி நேராக இழுத்துக் காயவைத்தால்தான் விறைப்பாக நிற்கும். மெழுகு ஆறும்போது நடுவில் குழி விழும், அதற்காகக் கொஞ்சம் மீதி வைத்திருந்து இரண்டாவது முறை ஊற்றுங்கள். கலருக்குக் கிரேயான் போடாதீர்கள், திரியை அடைத்துக்கொண்டு அணைந்து அணைந்து போகும்.


சாரல் | டிசம்பர் 6, இரவு 10.10

நிலவரம் சொல்கிறேன். வேலைக்கு வரும் அக்காவுக்குக் கவர் தயார். சோப் நவம்பர் 20-லேயே வெட்டி, மேல் அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். பழவேற்காட்டிலிருந்து ஒரு தோழி ஓலைப்பெட்டிகள் வாங்கி வந்தாள், செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போயிற்று. ஆனாலும் பேரம் பேசவில்லை. நட்சத்திரம் இரண்டும் கட்டியாயிற்று, தாள் ஒட்ட வேண்டும். கிறிஸ் சைல்டுக்கு அகல் மெழுகு நாலும் ஒரு சோப்பும். நாளைக்குக் கோயிலில் மெழுகுத் துண்டு கேட்கப்போகிறேன். இதுவரை 1640 ரூபாய் ஆகியிருக்கிறது. மைதா, எண்ணெய், சர்க்கரை மிச்சத்தில் வந்துவிடும்.

தையற்கூடம் அக்காவுக்கு ஒரு கேள்வி. மாமனாருடைய உறை சரியாக வந்துவிட்டது. மாமியாருடையது பெரிய எழுத்துப் பைபிள், ரொம்பக் கனம். மூடிய நிலையில்தான் அளந்தேன். போட்டுப் பார்த்தால் முதுகுப் பக்கம் துணி விறைத்துக்கொண்டு நிற்கிறது. பிரித்து மறுபடி தைக்க வேண்டுமா?


தையற்கூடம் | டிசம்பர் 7, காலை 7.05

முழுவதும் பிரிக்க வேண்டாம். தடிமனான புத்தகத்துக்குக் கேன்வாஸ் ஒரே துண்டாக இருந்தால் அப்படித்தான் விறைக்கும். ஒரு காதின் கீழ்த்தையலை மட்டும் பிரித்து, புரட்ட விட்ட வாயைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் கேன்வாஸை முதுகின் அகலத்துக்கு வெட்டி உருவிவிடுங்கள். முன்னட்டைக்கு ஒரு துண்டு, பின்னட்டைக்கு ஒரு துண்டு மட்டும் நிற்கட்டும். முதுகில் பட்டும் வேஷ்டியும் மட்டும் இருந்தால் துணி தானாக வளையும். கேன்வாஸ் துண்டுகள் உள்ளே நகராமல் இருக்க, முதுகின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு தையல் ஓட்டிவிடுங்கள். சேலை நிறத்திலேயே நூல் போட்டால் வெளியே தெரியாது. பிரித்த காதை மறுபடி தைக்கும் முன் பைபிளை ஒருமுறை போட்டு மூடிப் பாருங்கள்.